வில்சன் துரையின் மூட்டுவலி

போடிநாயக்கனூர்,
22 செப்டம்பர் 2024, ஞாயிறு மாலை.

இதுவரை நம் குடும்பத்தை நடத்திவந்த ஆண்டவரின் பெயரால், அன்புள்ள மகன் வினோத்ராஜுக்கு அப்பா பொன்னுராஜ் எழுதுவது. நீயும் ஜெஸ்லினும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பதைப் படங்களில் பார்த்தோம். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் சுகத்தின் அளவுகளை நேற்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அதற்கு நீ போட்ட கட்டைவிரலும் வந்து சேர்ந்தது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ ஒதுக்கும் நேரம் ஆறு நிமிடம். முதல் நிமிடம் படம் தெளிவாவதற்கும், கடைசி நிமிடம் உன் அம்மா கண் துடைப்பதற்கும் போய்விடுகிறது. நான் சொல்ல வேண்டியது நடுவில் இருக்கும் நான்கு நிமிடத்தில் அடங்காது. தவிர, கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

இதை உன் கையில் கொடுப்பவள் நாகஜோதி. உனக்கு அவளைத் தெரியும். ஜூலை மாதம் உன் சிறுநீரகப் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது கம்ப்யூட்டர் திரையில் நீ பார்த்துத் தேர்ந்தெடுத்த நர்ஸ். உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. செவ்வாய், வியாழன், சனி என்று நான்கு வருடமாக என் இடது கையில் ஊசி குத்தி, என்னை டயாலிசிஸ் மெஷினில் இணைத்து, நான்கு மணி நேரம் கழித்துக் கழற்றி வீட்டுக்கு அனுப்புகிறவள் அவள்தான். அடுத்த ஞாயிறு அவள் விமானம் ஏறுகிறாள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை என் கை வீங்காமல் யார் ஊசி குத்துவார் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. மகனிடம் புகார் சொல்வதாக நினைக்காதே. ஊர் நிலவரம் எழுதுவது கடிதத்தின் மரபு.

நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நீ அவள் பெயரைக் கேட்டதில்லை. மெஷின் எந்தக் கம்பெனி என்று கேட்டாய். ஜெர்மனி என்றேன். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கும் அன்று சந்தோஷமாக இருந்தது. அப்பா நல்ல கையில் இருக்கிறார் என்று நீ நம்பினாய். அந்தக் கை கோம்பையிலிருந்து காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் தேவாரம் வழியாக நின்றுகொண்டே வருகிறது என்பதை நானும் சொல்லவில்லை. ஆறு நிமிடத்தில் எதைத்தான் சொல்வது.

உன் தேசபக்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரியில் நம் சபைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நீ அனுப்பிய வீடியோவை மேடையில் வெள்ளை வேட்டி கட்டி அதில் ஓட்டினார்கள். படித்த பிள்ளைகள் பிறந்த மண்ணுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும், கிராமங்களுக்கு மருத்துவர்களும் செவிலியர்களும் தேவை என்று பேசினாய். உன் பின்னால் ஜன்னலில் பனி பெய்துகொண்டிருந்தது. நடுவில் மூன்று நிமிடம் சத்தம் வரவில்லை. ஆனாலும் ஜனங்கள் சரியான இடங்களில் கை தட்டினார்கள். அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நாட்டிலிருந்து வருகிறது. போன வருடம் பேசியவருக்குப் பின்னால் கடற்கரை இருந்தது. உன் பனி அதைவிடச் சிறப்பு என்று தாளாளர் சொன்னார்.

எங்கள் ஆஸ்பத்திரியையும் விட்டுவைக்க முடியாது. அதை நடத்துகிற டிரஸ்டுக்கு மதுரையில் ஆபீஸ். நர்ஸ்களை அவர்கள் நடத்துகிற விதத்தைப் பார்த்தால், எல்லோரும் கல்யாணம் வரைக்கும் பொழுதுபோக்காக வேலைக்கு வருகிறவர்கள் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நாகஜோதிக்கு வயது நாற்பத்தொன்று. பதினான்கு வருடமாகத் தற்காலிக ஊழியர். அவள் சம்பளத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை, காகிதத்துக்கே கூச்சமாக இருக்கும். மே மாதம் நர்ஸ்கள் தினத்தன்று அவளைத் தியாகச் சுடர் என்று அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அடுத்த நிகழ்ச்சிக்கு வேண்டுமாம். சுடர் அன்றைக்கும் இரட்டை ஷிப்ட் பார்த்தது. நான்கு வருடத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள், இரண்டு பேர் அயர்லாந்து, மூன்று பேர் வளைகுடா. ஒவ்வொருவரும் போகும்போது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை என்று நிர்வாகி வருத்தப்படுகிறார். அவருடைய மகள் கனடாவில் இருக்கிறாள்.

இனி வில்சன் துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்கள் நாட்டுக்கு வர நர்ஸ்கள் எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சையில், ஒரு நோயாளியிடம் பேசிக் காட்ட வேண்டுமாமே. நாகஜோதிக்கு வீட்டில் பழக நேரமில்லை. அவள் புருஷன் சுருளிராஜன் விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள், மாடு வேறு. அதனால் அவள் வார்டிலேயே பழகினாள். நான்கு மணி நேரம் எழுந்து ஓட முடியாத, கொஞ்சம் இங்கிலீஷ் படித்த ஆள் ஒருவன் கைவசம் இருந்தான். புத்தகத்தைப் பிரித்து என் மடியில் வைத்து, ஐயா நீங்கதான் வில்சன் என்றாள். எழுபத்திரண்டு வயது, மூட்டுவலி, ஊசி என்றால் பயம், மனைவி இறந்துவிட்டாள். நான் முனக வேண்டும். அவள் ஆறுதல் சொல்ல வேண்டும்.

எட்டு மாதம் நான் வில்சனாக முனகினேன். அந்த எட்டு மாதத்தில் வில்சனுக்குக் கிடைத்த மரியாதை பொன்னுராஜுக்கு ஜென்மத்தில் கிடைத்ததில்லை. உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது வில்சன், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் உங்கள் முழங்காலைப் பார்க்கலாமா என்று தேன் ஒழுகப் பேசுவாள். பாடம் முடிந்த அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, கையை ஆட்டாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது என்பாள். அடுத்த கட்டில் மலைச்சாமிக்குக் கால் பிடித்துக்கொண்டு கத்தினால், செத்த பொறுங்க பெரியப்பா, வில்சன் முடியட்டும் என்று பதில் வரும். மலைச்சாமி கடமலைக்குண்டுப் பக்கத்து விவசாயி, பெண் வீட்டில் தங்கி இங்கே வருகிறார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "ஏத்தா, வெள்ளைக்காரனுக்கு முட்டி வலிச்சா இம்புட்டு மரியாதையா? அப்ப என்னையும் ஒரு வில்சனாப் போட்டுக்க."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மலைச்சாமி விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

உன் அம்மா செய்த காரியம் இதைவிட அழகானது. நாகஜோதி, தான் பரீட்சையில் தேற வேண்டும் என்று வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். அது அவள் வழி. அதைக் கேள்விப்பட்ட உன் அம்மா, அந்தப் பிள்ளை பாவம், நம் பங்குக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று, ஞாயிறு காணிக்கைப் பையில் ஜெபச் சீட்டு போட்டாள். ஒரு சீட்டில் என் கணவர் பூரண சுகம் பெற. அடுத்த சீட்டில் சகோதரி நாகஜோதி வெளிநாட்டுத் தேர்வில் வெற்றி பெற. போதகர் இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. முன் வரிசையில் உட்கார்ந்து நானும் சொன்னேன். இரண்டாவது சீட்டு பலித்தால் முதல் சீட்டின் கதி என்ன என்று அங்கே இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது ஜூன் மாதமே பலித்தது. முதலாவது பரிசீலனையில் இருக்கிறது.

யாரையும் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நாற்பது வருடம் ஏலக்காய் வியாபாரம் செய்தேன். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் நின்ற பச்சைக் காயெல்லாம் கப்பல் ஏறியது. வெடித்ததும் வெளுத்ததும்தான் நம் வீட்டுப் பாயசத்துக்கு. அது தப்பு என்று உன் அம்மாவும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. நீ போனபோது கடைவீதி முனையில் உன் படம் போட்டு, சீமை செல்லும் சிங்கமே என்று பதினைந்தடி பிளக்ஸ் வைத்தார்களே, ஊர்க்காரர்கள் அன்பில் வைத்ததாக நீ இன்றுவரை நம்புகிறாய். அதற்குக் காசு கொடுத்தவன் நான். வாசகமும் என்னுடையதுதான். இப்போது அந்த ஏலக்காய்க் கிட்டங்கியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஜெர்மன் மொழியும் ஆங்கிலப் பரீட்சையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். கூரையில் இன்னும் ஏலக்காய் வாசம் போகவில்லை என்று வாடகைக்காரர் குறைப்படுகிறார்.

இப்போது நேர்முகத் தேர்வு. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

திரையில் மூன்று பேர் இருந்தீர்களாம். நடுவில் இருந்தது நீ என்று பெயரைப் பார்த்ததும் நாகஜோதிக்குத் தெரிந்துவிட்டது. நான் உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள் என்று சொல்லியிருக்கலாம். அது சிபாரிசு கேட்டதுபோல் ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் தாளில் டிரஸ்டின் மதுரை விலாசம்தான் இருந்ததாம், அதனால் உன்மேல் பிழை இல்லை. நீ கேட்டாய்: கையாளக் கடினமான நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

அவள் என்னைச் சொன்னாள்.

பெயர் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒரு வயதான வியாபாரி. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து கொடுத்தால், தன் பழைய கடையில் சரக்கு காட்டிய மாதிரிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அதில்தான் அளப்பேன் என்பார், அளக்கும்போது விளிம்பு தளும்ப ஊற்றுவார். தண்ணீர் குடிக்காதே என்று வேதத்தில் எங்கே இருக்கிறது, காட்டு என்று வம்பு பண்ணுவார். வாழையும் திராட்சையும் விளைகிற ஊரில் பிறந்துவிட்டு இரண்டையும் தொடக் கூடாதென்றால் அது எந்த நாட்டுச் சட்டம் என்று கேட்பார். சட்டைப் பைக்குள் பிளாஸ்க் மூடியை ஒளித்துவைத்து, ஆள் இல்லாத நேரம் காபி குடிப்பார். வெளிநாட்டில் ஒரு மகன் இருக்கிறார் என்றும் கடைசியில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்த அடையாளம் உனக்கு உதவியிருக்காது என்று எனக்கும் புரிகிறது. எங்கள் வார்டில் பத்துக் கட்டில், அதில் ஆறு பேருக்கு அப்படி ஒரு மகனோ மகளோ உண்டு.

மறுநாள் ஊசி குத்தும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தேர்வு எப்படிப் போனது என்று நான்தான் கேட்டேன். "சார் நல்லாச் சிரிச்சாக ஐயா. பக்கத்துல இருந்த வெள்ளைக்காரம்மாகிட்டயும் என்னமோ சொல்லிச் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்ததா என்றால், இல்லை. எல்லா அடையாளமும் சொன்னவள் என் கிரியாட்டினின் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். அதைச் சொல்லியிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பாய். உனக்கு அனுப்புவதெல்லாம் அந்தத் தாள்தானே. மாதிரிக் கிண்ணம் நீ போன பிறகு பரணிலிருந்து இறங்கியது. காபி ஒளித்துக் குடிப்பது உன் அம்மாவுக்கே தெரியாது, நீ அவளிடம் சொல்லிவிடாதே.

அப்படிப்பட்ட நோயாளியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று நீ கேட்டாயாம். அவள் சொன்ன பதிலை நீ தாளில் எழுதிக்கொண்டாயாம். எழுதியது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நானும் எழுதுகிறேன். அவர் தனியாக இருக்கும்போதுதான் குடிக்கிறார், அதனால் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன் என்றாளாம். அதற்கு நீ முழு மதிப்பெண் கொடுத்ததாக ஏஜென்சிக்காரன் அவளிடம் சொன்னானாம். மருத்துவனாக நீ தேறிவிட்டாய் என்று அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. நல்ல வைத்தியம் எது என்று பார்த்தவுடன் தெரிகிறது உனக்கு.

விசா வந்த பிறகு அவள் போகவில்லை என்றாள். மாடு, பிள்ளைகள், மாமியார் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கொண்டுவந்தாள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை உண்மை வந்தது. அவளுக்குப் பதிலாக மாரிசெல்வம் என்ற பையன் பழகுகிறான். இருபத்துமூன்று வயது, நல்ல பிள்ளை. இதுவரை ஐந்து தடவை என் கையில் குத்தியிருக்கிறான், மூன்று தடவை கை வீங்கிவிட்டது. நாகஜோதிக்கு ஒரு குத்துதான். "அவன் கைக்கு உங்களை விட்டுட்டு நான் எப்படி ஐயா போறது?" என்றாள். வில்சனிடம் பேசுகிற குரலில்தான் கேட்டாள். ஆனால் புத்தகம் பிரிக்கவில்லை.

இருந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். மகனே, உன்னைப் பற்றியும் டிரஸ்டைப் பற்றியும் இவ்வளவு ஏளனமாக எழுதினேனே, அன்று அந்தக் கட்டிலில் நான் உங்கள் எல்லோரையும்விடக் கேவலமாக இருந்தேன். ஒரு கிழவனின் செவ்வாய்க்கிழமைக்காக அவள் இரண்டு பெண் பிள்ளைகளின் ஆயுசு இங்கேயே கிடக்கட்டும் என்று ஒரு நிமிடம் முழுதாக நினைத்தேன். மெஷினில் அந்த நிமிடம் ஓடியதைப் பார்த்தேன். பிறகு, என் மகனுக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், தபாலில் நம்பிக்கை இல்லை, நீ நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஆகும் என்றேன். கடிதம் அப்போது எழுதப்படவே இல்லை. பெரியவர் ஒரு காரியம் சொல்லிவிட்டால் தட்டக் கூடாது என்று நினைக்கிற ஊரில் பிறந்தவள், தலையை ஆட்டினாள். அவளை அனுப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ படித்துக்கொண்டிருப்பது அந்தக் கடிதம்.

இனி என் ஏற்பாடு. மாரிசெல்வம் பழகும்வரை தேனிக்குப் போய் வருவேன். அங்கே காத்திருக்கும் பட்டியல் நீளம். வாரம் மூன்று தடவை கிடைக்காது, இரண்டு கிடைக்கலாம் என்றார்கள். இரண்டு என்றால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறுநீரக மருத்துவனுக்கு ஏலக்காய் வியாபாரி விளக்க வேண்டியதில்லை. உன் அம்மாவிடம் மூன்று என்றுதான் சொல்லியிருக்கிறேன். எங்களை மதுரைக்குக் குடிபோகச் சொல்லாதே, போன தடவை சொல்லிவிட்டாய். ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லாதே. ஆள் இருந்தது, நீ எடுத்துக்கொண்டாய்.

நாகஜோதி வரும் நேரம் அங்கே குளிர் தொடங்கியிருக்கும். ஏர்போர்ட்டுக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான். வந்தாலும் நீ போ. ஜெஸ்லினிடம் சொல்லி ஒரு கம்பளிக் கோட்டு எடுத்துப் போ. அவள் பையில் உங்களுக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய் இருக்கும். எட்டு மில்லி, நானே உட்கார்ந்து பொறுக்கியது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தத் தரத்தை விற்காமல் கொடுத்தனுப்புகிறேன். அவள் முதல் மாதம் அழுவாள். அவளிடம் ஆறு நிமிடக் கணக்குப் பார்க்காதே.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். என் இடது கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் கீழே, உள்பக்கம் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் விரலை வைத்தால் ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரியும், பூனை மடியில் படுத்து உறுமுவதுபோல. அந்த இடத்தில் நேராகக் குத்தினால் நழுவிவிடும். எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எவ்வளவு ஆழம், குத்தும்போது என்னிடம் என்ன பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் நாகஜோதிக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைக் கேட்டுக்கொள். அவள் படம் போட்டுக் காட்டுவாள். கையையும் பழக்கிக்கொள். எதற்கு என்று இப்போது கேட்காதே.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் உன் கைகளையும், முக்கியமாக உன் கைகளை, ஆசீர்வதிப்பாராக.

உன் அப்பா,
சா. பொன்னுராஜ்
(கட்டில் எண் 4)